பிறர் மனையில் கட்டிய வீடு

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனியார் மோனோ என்னும் மென்பொருள் திட்டத்தின் பொறுப்பை வைன் குழுவினரிடம் ஒப்புவித்தார்கள். விண்டோஸுக்கென்று செய்யப்பட்ட நிரல்களை லினக்ஸ் முதலிய கணினிகளிலும் ஓடச் செய்யும் பொருட்டு நெடுங்காலமாக உழைத்துவரும் கூட்டம் வைன். ஒரு பெரிய கம்பெனி தன் கையிலிருந்ததைப் பொதுவில் உழைப்பவர்களிடம் விட்டுக் கொடுத்ததைப் பாராட்டுவதில் நமக்கு ஆக்ஷேபணை கிடையாது. ஆனால் இச்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய வழக்கில் பிழையான தீர்ப்பெழுத யாரேனும் முற்படுவார்களாயின், அதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம்.

அவ்வழக்கு 2009-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது. அவ்வருஷத்தில் டாம்பாய் என்னும் மேசைக் கணினி நிரலை, மிஸ்டர் ஹூபர்ட் ஃபிகியேர் என்பவர் சி ஷார்ப் பாஷையிலிருந்து சி ப்ளஸ் ப்ளஸ் பாஷைக்குப் பெயர்த்து, க்னோட் என்னும் பெயரால் வெளியிட்டார். டாம்பாய் மோனோவின் மேல் நின்றது; க்னோட் அப்படி நிற்கவில்லை. இரண்டுக்கும் உள்ள பேதம் பெரும்பாலும் அவ்வளவுதான். மோனோவினால் ஒரு நாள் ஆபத்து வரும் என்று அன்று பலர் அஞ்சினார்கள். அஞ்சிய வழக்கு வரவில்லை. மோனோவோ இன்று மைக்ரோசாப்டின் கையைவிட்டே போய்விட்டது. ஆகவே க்னோட்டுக்காகச் செலவான உழைப்பெல்லாம் வராத வெள்ளத்துக்கு அணை கட்டிய கதைதானே என்று கேட்பது சுலபம். அக்கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றுவதனாலேயே அதற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

டாம்பாயை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திரையின் ஓரத்தில் ஒரு சிறு சின்னமாக உட்கார்ந்திருக்கும் குறிப்பேடு அது. அழுத்தினால் வெற்றுத் தாளை நீட்டும். எழுதியதைச் சேமிக்கும்படி தனியே கட்டளையிட வேண்டுவதில்லை. ஒரு குறிப்பின் தலைப்பை மற்றொரு குறிப்பினுள் எழுதினால் இரண்டுக்கும் தானாகவே தொடர்பு உண்டாகிவிடும். அந்தச் சொல்லைத் தொட்டால் அந்தக் குறிப்பு திறக்கும். மாணவன் பாடக் குறிப்பையும், வக்கீல் வாய்தாத் தேதிகளையும், ஆராய்ச்சிக்காரர் பத்து வருஷத்து யோசனைகளையும் இப்படிக் கோத்து வைத்துக் கொள்ளலாம். மிஸ்டர் அலெக்ஸ் கிரேவ்லி தொடங்கிய இந்த நிரல், 2006-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் வெளிவந்த க்னோம் 2.16 பதிப்பில் இடம் பெற்றது. அது முதல் லினக்ஸ் கணினிகளில் பலருடைய நித்தியக் கருவியாயிற்று. நிரல் சிறிது, ஆனால் அதனுள் இருந்தவை பிறருடைய நினைவுகள் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, அது நின்ற மனையைப் பார்ப்போம். சி ஷார்ப் பாஷையில் எழுதிய நிரல் கணினியின் மீது நேரே நடப்பதில்லை. நிரலுக்கும் கணினிக்கும் நடுவே ஓர் அடித்தளம் வேண்டும். தொழில் செய்பவர்கள் அதை ரன்டைம் என்பார்கள். சி ஷார்ப்பும் அதன் அடித்தளமாகிய டாட் நெட்டும் மைக்ரோசாப்டின் படைப்புகள். அவற்றின் உட்கருவான பகுதியை எக்மா என்னும் ஸ்தாபனம் 334, 335 என்ற எண்களுள்ள தரநிர்ணயங்களாக 2001-ஆம் வருஷம் டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அத்தரங்களைப் பார்த்து, லினக்ஸுக்கென்று அதே அடித்தளத்தைச் சொந்தமாக எழுதுவதென்று ஸிமியன் கம்பெனியைச் சேர்ந்த மிஸ்டர் மிகுவேல் டி இகாஸா 2001 ஜூலையில் அறிவித்தார். அதுவே மோனோ. 2003-இல் நோவெல் கம்பெனி ஸிமியனை விலைக்கு வாங்கிற்று. 2004 ஜூனில் மோனோவின் முதற் பதிப்பு வெளிவந்தது.

மோனோவின் வரிகளை அதன் ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே எழுதினார்கள். பதிப்புரிமை பற்றி அவர்களை ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. பேடெண்ட் என்பது வேறு ஜாதி உரிமை. பிறர் புஸ்தகத்தைக் கண்ணாலும் பாராமல் நானே எழுதினேன் என்பது பதிப்புரிமை வழக்கில் தக்க சமாதானம். பேடெண்ட் வழக்கில் அது சமாதானமாகாது. ஒரு முறையைப் பேடெண்ட் செய்தவன், அதே முறையைத் தானாகக் கண்டுபிடித்தவனையும் தடுக்கலாம். அமெரிக்காவில் மென்பொருள் முறைகளுக்கும் பேடெண்ட் வழங்கி வந்தார்கள். ஆகவே வீடு சொந்தமாயினும் மனை பிறருடையதாக இருக்கக்கூடும் என்ற ஐயம் மோனோவைப் பற்றித் தொடக்கத்திலிருந்தே நிலவியது. 2006 நவம்பரில் நோவெலும் மைக்ரோசாப்டும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, நோவெலின் வாடிக்கைக்காரர்கள் மேல் மைக்ரோசாப்ட் பேடெண்ட் வழக்குத் தொடுப்பதில்லை என்று ஏற்பாடானதும் ஐயம் பன்மடங்காயிற்று. ஒரு தெருவில் ஒரு வீட்டாருக்கு மட்டும் அபயம் எழுதிக் கொடுத்தால், மற்ற வீட்டார் தங்கள் கதவைத் தாங்களே ஒரு முறை பார்த்துக்கொள்வது இயல்புதானே!

2009-இல் இது வெளிப்படையான சண்டையாயிற்று. டெபியன் குழுவினர், க்னோம் மேசையை நிறுவும் பிரதான வழியில் டாம்பாயும், அதன் பொருட்டு மோனோவும் வந்து சேரும்படி செய்தார்கள். சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் தலைவர் மிஸ்டர் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜூன் மாதத்தில் இதை ஆக்ஷேபித்து எழுதினார். அவர் சொன்னதைப் பலர் திரித்துக் கூறினமையால் சரியாகச் சொல்லிவிடுவது அவசியம். மோனோ இருக்கக் கூடாதென்று அவர் சொல்லவில்லை. பிறர் சி ஷார்ப்பில் எழுதியவற்றை ஓட்டிக்கொள்ள அது உதவுவது நன்றே என்றார். நாமே புதிய நிரல்களை அதில் எழுதி, நம்முடைய சுதந்திர மென்பொருள் முழுவதும் அதன் மேல் சாயும்படி செய்துகொள்வதுதான் ஆபத்து. மைக்ரோசாப்ட் ஒரு நாள் பேடெண்டைக் காட்டினால், சாய்ந்தது எல்லாம் கூடவே விழும் என்பது அவர் வாதம்.

மைக்ரோசாப்ட் இதற்கு மறுமொழி போல ஜூலை 6-ந் தேதி ஓர் அறிவிப்புச் செய்தது. எக்மா 334, 335 தரங்களைத் தன்னுடைய சமூக வாக்குறுதி என்னும் பிரகடனத்தின் கீழ்ச் சேர்த்து, அவற்றைச் செயற்படுத்துவோர் மேல் வேண்டிய பேடெண்டுகளைப் பிரயோகிப்பதில்லை என்று உறுதி கூறியது. மோனோ பக்ஷத்தார் மகிழ்ந்தார்கள். எக்மாவின் தரத்துக்கு உட்பட்ட பகுதி ஒன்று, உட்படாத பகுதி ஒன்று என மோனோவை இரண்டாகப் பிரிப்பதாகவும் மிஸ்டர் இகாஸா அறிவித்தார். சுதந்திர மென்பொருள் ஸ்தாபனத்தாரோ இந்த வாக்குறுதி போதாதென்றார்கள். தரத்துக்கு அப்பாற்பட்ட நூல்நிலையங்கள் இதனுள் அடங்கவில்லை. பேடெண்டை மைக்ரோசாப்ட் இன்னொருவருக்கு விற்றுவிட்டால் அவரை இவ்வாக்குறுதி கட்டுப்படுத்துமா என்றும் வினவினார்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. நம் நாட்டு 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, நிலத்தின் மேல் லைசென்ஸ் கொடுத்தவன் அந்நிலத்தை வேறொருவனுக்கு மாற்றிவிட்டால், வாங்கினவன் அந்த லைசென்ஸுக்குக் கட்டுப்பட்டவனல்லன் என்று சொல்கிறது. அமெரிக்கப் பேடெண்ட் சட்டத்தை இதைக் கொண்டு அளக்க நாம் வரவில்லை, இரண்டும் வெவ்வேறு. ஆனால் அயலான் நல்லவன் என்பது ஒரு சங்கதி, அவன் மனையை நாளைக்கு வாங்கப்போகிறவனும் நல்லவன் என்பது இன்னொரு சங்கதி என்று எந்தத் தேசத்துச் சட்டமும் அறியும். வாக்குக் கொடுத்தவனுடைய நாணயத்தில் ஐயமில்லாமலே வாக்கின் எல்லையில் ஐயப்படலாம். இதை அவதூறு என்று சொன்னவர்கள், பத்திரம் படித்துப் பழகாதவர்கள்.

இந்தச் சச்சரவில் எழுதிக் குவித்தவர்கள் பலர். மிஸ்டர் ஃபிகியேரோ நிரலை எடுத்து வரிவரியாகப் பெயர்த்து எழுதினார். அது எத்தகைய வேலையென்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு பாஷையின் வாக்கியத்தை இன்னொரு பாஷையில் சொல்வதுதானே, அகராதி இருந்தால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். நிரலைப் பெயர்ப்பது அப்படிப்பட்டதன்று.

முதலில் ஒரு பேதத்தைச் சொல்லவேண்டும். பெயர்த்தெழுதுவது வேறு, அடியோடு புதிதாக எழுதுவது வேறு. நெட்ஸ்கேப் கம்பெனியார் 1998-இல் தங்கள் உலாவியின் பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதப் புகுந்து, 2000 நவம்பர் வரையில் புதிய பதிப்பை வெளியிட முடியாமல், அதற்குள் சந்தையைப் பறிகொடுத்தார்கள். புதிதாக எழுதுகிறவனுக்கு எல்லை கிடையாது. எதையும் மாற்றலாம் என்ற ஆசை அவனை இழுத்துக்கொண்டு போகிறது. பெயர்ப்பவன் ஆசைகளை அடக்கிக்கொள்ள வேண்டியவன். மூல நிரல் எப்படி நடந்ததோ அப்படியே, அதன் கோணல்களும் உட்பட, தன் நிரலும் நடக்கவேண்டும் என்பது அவன் விரதம்.

சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போகலாகாதோ என்று கேட்கலாம். சில இடங்களில் ஆகும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியினர் பக்கத்தின் அழகமைப்பைக் கணக்கிடும் பகுதியை மட்டும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸிலிருந்து ரஸ்ட் பாஷைக்கு மாற்றி, 2017 நவம்பரில் வெளியான 57-ஆம் பதிப்பில் சேர்த்தார்கள்; மற்றப் பகுதிகள் பழைய பாஷையிலேயே நின்றன. அவ்விரு பாஷைகளும் அடித்தளமின்றிக் கணினியில் நேரே நடப்பவையாதலால் அருகருகே குடியிருக்க முடிந்தது. டாம்பாயின் நிலைமை வேறு. நூறு பகுதிகளில் தொண்ணூற்றொன்பதை மாற்றினாலும், எஞ்சிய ஒன்றுக்காக மோனோ முழுவதும் வீட்டில் இருந்தே தீரும். கடைசி வரி பெயரும் வரையில் பயன் ஒன்றுமில்லை என்றால், அந்த உழைப்புக்கு எவ்வளவு மனோதிடம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நினைவக விஷயத்தை எடுத்துக்கொள்வோம். சி ஷார்ப்பில் ஒரு பொருளை உண்டாக்கினவன் அதை அப்புறப்படுத்தும் கவலையை அடித்தளத்திடம் விட்டுவிடுகிறான். யாரும் வேண்டாத பொருளை அது தானே பெருக்கித் தள்ளும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் அத்தகைய பெருக்குகிறவன் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் உடையவன் யார், எப்பொழுது விடுவிப்பது என்று எழுதுகிறவனே தீர்மானிக்க வேண்டும். குறிப்பு தன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னல் தன் குறிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடித்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து விடுவிக்கும் முறையில், இவ்விரண்டும் ஒன்றையொன்று விடாமல் கணினி நிற்கும் வரையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ஒன்றை விடுவித்தாலோ, மற்றது இல்லாத பொருளைத் தொட்டு நிரலே கவிழும். மூல நிரலில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதியிராது. எழுதாமல் விட்டதைப் படித்து எழுதுவதே பெயர்ப்பவனுடைய முதற் சங்கடம்.

இதற்குமேல், அடித்தளத்தோடு இலவசமாக வந்த கருவிகளெல்லாம் அடித்தளத்தோடு போய்விடுகின்றன. குறிப்புக் கோப்பைப் படிக்க ஒன்று, சொல்லைத் தேட ஒன்று, துணை நிரல்களைச் சேர்க்க ஒன்று என ஒவ்வொன்றுக்கும் சி ப்ளஸ் ப்ளஸ் உலகத்தில் வேறு நூல்நிலையம் தேடவேண்டும். லிப் எக்ஸ்எம்எல், பூஸ்ட், ஜிடிகேஎம்எம் என்பன க்னோட்டுக்கு இவ்வாறு அமைந்தவை. ஒன்றின் வழக்கம் மற்றொன்றின் வழக்கமன்று.

எழுத்துக்கள் விஷயம் நம்மவர்களுக்குச் சுவை தரும். சி ஷார்ப் எழுத்துக்களை இரண்டு பைட்டு அலகுகளாக வைத்துக்கொள்கிறது; ஜிடிகே உலகத்து சி ப்ளஸ் ப்ளஸ்ஸோ யுடிஎஃப்-8 என்னும் முறையைக் கைக்கொள்கிறது. "அம்மா" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது ஐந்து குறிகள். முதல் முறையில் அது 10 பைட்டு, இரண்டாம் முறையில் 15 பைட்டு. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையில் தடித்த எழுத்து என்று குறித்து வைக்கும் நிரல் ஒன்றில், பெயர்ப்பவன் குறிகளை எண்ணவேண்டிய இடத்தில் பைட்டுகளை எண்ணிவிட்டால், ஆங்கிலக் குறிப்பு ஒழுங்காகவே தோன்றும். ஆங்கில எழுத்துக்கு இம்முறையில் ஒரே பைட்டு. தமிழிலும் ஜப்பானியத்திலும் எழுதுகிறவனுடைய குறிப்பு மட்டும் அலங்கோலமாகும். சோதித்துப் பார்ப்பவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் அது அகப்படவும் மாட்டாது. நல்ல பெயர்ப்பு எது, கெட்ட பெயர்ப்பு எது என்று வேறுபடுவது இத்தகைய இடங்களில்தான்.

இவ்வளவும் பட்டு முடித்த பின் கண்ட பலன் என்ன? பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றுமில்லை! நேற்றுப் பார்த்த அதே குறிப்பேடு, அதே தாள். முதற் பதிப்புகளில் டாம்பாயின் சில வசதிகள் இல்லாமலும் இருந்தன. பல கணினிகளிடையே குறிப்புகளை ஒத்துப்போகச் செய்யும் வசதி பின்னரே வந்தது. ஆனால் 2009 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 12-ஆம் பதிப்பினர், டாம்பாயை எடுத்துவிட்டு அவ்விடத்தில் க்னோட்டை வைத்தார்கள். அது கணினியின் வளங்களைக் குறைவாகக் கொள்கிறது என்பதையும் எடுத்துக் காட்டினார்கள். ஒரு சிறு குறிப்பேட்டுக்காக ஓர் அடித்தளத்தையே சுமக்கவேண்டியதில்லை அல்லவா! 2012 ஏப்ரலில் வந்த உபுண்டு 12.04 பதிப்பின் குறுந்தகட்டிலும் மோனோவுக்கும் டாம்பாய்க்கும் இடமில்லாமற் போயிற்று.

எதிர்க்கட்சியின் வழக்கையும் நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. க்னோட் ஒரு நகல், அதில் புதுமை என்ன என்றார்கள். இதற்கு நாம் மதிப்புக் கொடுப்பதில்லை. நகலாயிருப்பதே அதன் உத்தேசம். ஆனால் வேறொரு குறை கூறினார்கள், அது வாஸ்தவமானது. ஒரு நிரல் இரண்டாயிற்று. ஒன்றில் திருத்திய பிழையை மற்றதில் எடுத்து ஒட்ட முடியாது. வேறு பாஷையாகையால் மறுபடி எழுதவேண்டும். டாம்பாய் எல்ஜிபிஎல் உரிமத்திலும், க்னோட் அதைவிடக் கட்டுப்பாடு மிகுந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும் நின்றமையால், ஒரு பக்கம் வாங்கலாம், மறுபக்கம் கொடுக்க முடியாது என்ற மனஸ்தாபமும் சேர்ந்தது. ஏற்கனவே ஆள் குறைந்த ஒரு தொழிலில் இரண்டு உலை வைத்து இரண்டு பேர் சமைப்பது நஷ்டமே. பாஷை மாற்றத்தை வேடிக்கையாக நினைத்து, புதிய பாஷை பழையதைவிட நாகரிகமானது என்ற ஒரே காரணத்துக்காக நன்றாக ஓடும் நிரல்களைக் கலைத்துப் போடுகிறவர்களுக்கு இந்த நஷ்டத்தை நாம் எடுத்துச் சொல்லுவோம். அத்தகைய பெயர்ப்புக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அத்துடன், மோனோவை ஆதரித்தவர்களையெல்லாம் துரோகிகள் என்று ஏசிய சிலருடைய வாய்க்கும் நாம் பொறுப்பாளிகளல்லோம். டாம்பாயை எழுதியவர்களும் பொதுஜனங்களுக்கு இலவசமாக உழைத்தவர்களே.

இனி, அஞ்சிய ஆபத்து வந்ததா என்ற கேள்விக்கு வருவோம். பேடெண்ட் வழக்கு வரவில்லை. வராதது மட்டுமன்று, மைக்ரோசாப்டின் போக்கே மாறிற்று. 2014 நவம்பரில் டாட் நெட்டின் முக்கிய பாகங்களைத் தாராளமான எம்ஐடி உரிமத்தில் திறந்து விடுவதாக அறிவித்தது. 2016-இல் மிஸ்டர் இகாஸாவின் ஸாமரின் கம்பெனியை வாங்கி, மார்ச்சு 31-ந் தேதி மோனோவையும் அதே உரிமத்தில் வெளியிட்டது. கம்பெனிகளும் மனம் மாறும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம். 2009-இல் இதை எவரும் ஜோசியமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் டாம்பாய் என்னவாயிற்று? அதைக் கேட்கிறவர்கள் குறைவு. 2011 ஏப்ரலில் நோவெல் கம்பெனியை அட்டாச்மேட் என்னும் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. அடுத்த மாதமே மோனோவில் உழைத்தவர்கள் வேலையினின்று நீக்கப்பட்டார்கள். அவர்கள் கூடி ஸாமரினைத் தொடங்கினார்கள். புதிய கம்பெனி வாழ வழி கைபேசி நிரல்களில் இருந்தமையால், லினக்ஸ் மேசை அவர்களுக்கு முக்கியமாயிருக்கக் காரணமில்லை. அதே 2011 ஏப்ரலில் க்னோம் தன் மூன்றாம் பதிப்புடன் ஜிடிகே 3-க்கு மாறிற்று. டாம்பாய் ஜிடிகே 2-இன் மேலேயே நின்றுவிட்டது. அதன் பழைய சி ஷார்ப் நிரல் வரவரக் கவனிப்பாரற்று, பத்து வருஷங்களுக்குள் ஓய்ந்தது. ஒருவரும் வழக்குத் தொடுக்கவில்லை, அமீனா வரவில்லை, தடையுத்தரவு பிறக்கவில்லை. மனைக்காரன் சண்டைக்கு வராமலே வீடு பாழாயிற்று.

நாம் சொல்ல வந்தது இதுவே. 2009-இல் அஞ்சியவர்கள் ஆபத்து எந்த வாசல் வழியாக வரும் என்பதில் தவறினார்கள். ஆபத்து உண்டென்பதில் தவறவில்லை. ஒரு பெரிய அடித்தளத்தைக் காப்பாற்ற ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியல் வேண்டியிருக்குமானால், அக்கம்பெனி கைமாறும் நாளில் அடித்தளத்தின் நோக்கமும் மாறும். அதன் மேல் குடியிருப்பவர்களை ஒருவரும் கலந்துகொள்ளமாட்டார்கள். இதற்குத் துர்எண்ணம் வேண்டியதில்லை. கணக்குப் புஸ்தகம் போதும். நல்ல எண்ணமுள்ள ஒரு கம்பெனியைச் சார்ந்திருப்பதும் சார்ந்திருப்பதே. மைக்ரோசாப்டின் பிற்கால உதாரகுணத்தைக் கொண்டு க்னோட்டின் உழைப்பைப் பழிப்பவர், அந்த உதாரகுணம் டாம்பாயைக் காப்பாற்றவில்லை என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கும் ஜிடிகேக்கும் கம்பெனிகளின் பணம் செலவாகவில்லையா என்று கேட்பார்கள். ஆகிறது. ஆனால் அந்தப் பாஷைக்கு மொழிமாற்றிகள் பல உண்டு, பல கைகளில் உண்டு. ஒரு கை விலகினால் வீடு சாய்ந்துவிடாது. க்னோம் சூழல் எந்த ஜிடிகேயைப் பின்பற்றுகிறதோ அதையே க்னோட்டும் பின்பற்றிக்கொண்டு போக முடிந்தது. மிஸ்டர் ஃபிகியேருக்குப் பின் மிஸ்டர் ஆரிமாஸ் செர்னியுஸ் அதன் பராமரிப்பை ஏற்று நெடுங்காலமாக நடத்தி வருகிறார். பெரிய ஸ்தாபனமொன்றுமில்லை, ஒரு சிலருடைய ஓய்வு நேரம். அச்சிறு கைக்கு அடங்கும் அளவில் நிரல் நின்றதனால் அது பிழைத்தது.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. நம் அபிப்பிராயத்தில் அதுவே எல்லாவற்றினும் பெரிது. டாம்பாய் ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனிக் கோப்பாக, எக்ஸ்எம்எல் என்னும் வெளிப்படையான வடிவத்தில் எழுதி வைத்தது. சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தாலும் உள்ளே இருப்பதைக் கண்ணால் படிக்கலாம். மிஸ்டர் ஃபிகியேர் நிரலின் பாஷையை மாற்றினாரேயன்றிக் குறிப்பின் வடிவத்தை மாற்றவில்லை. புத்திசாலித்தனம் காட்ட விரும்பும் ஒருவர் அவ்விடத்தில் தமக்கென்று புதிய வடிவமொன்றைக் கண்டுபிடித்திருப்பார். நூற்றுக்கணக்கான குறிப்புகளைச் சேர்த்து வைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். பின்னர் மிஸ்டர் டேவிட் பானன் என்பவர் டாம்பாய்-என்ஜி என்று ஒன்றை எழுதினார். அது சி ஷார்ப்பிலும் இல்லை, சி ப்ளஸ் ப்ளஸ்ஸிலும் இல்லை. மிஸ்டர் நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் பாஷையின் வழிவந்த ஃப்ரீ பாஸ்கலில் எழுதியது. பழைய பாஷையென்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதுவும் அந்தப் பழைய குறிப்புகளையே படிக்கிறது.

ஆக, 2006-இல் ஒரு மாணவன் டாம்பாயில் எழுதிய குறிப்பை, எழுதிய நிரலின் பாஷை போன பின்பும், அந்நிரலைத் தாங்கிய அடித்தளம் மூன்று நான்கு கைகள் மாறிய பின்பும், வேறிரண்டு பாஷைகளில் எழுதிய நிரல்கள் திறந்து காட்டுகின்றன. பாஷை மாற்றத்தை யோசிக்கும் மென்பொருள்காரர்கள் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியது தங்களுடைய நிரலையன்று, தங்களை நம்பி மற்றவர்கள் எழுதி வைத்ததை என்று நாம் கருதுகிறோம். கோப்பின் வடிவத்தை அவர்கள் வெளிப்படையாகப் பிரசுரிக்க வேண்டும். பெயர்க்கும்போது அதில் கை வைக்கலாகாது. இவ்விரண்டையும் செய்தவர்களுடைய நிரல் நாளைக்கு நின்றாலும், அவர்களை நம்பியவன் நஷ்டமடைவதில்லை.

வாசகர்களில் சிலரிடம் பழைய லினக்ஸ் கணினியோ, அதன் வட்டின் பிரதியோ இன்னும் கிடக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தங்கள் வீட்டுக் கோப்புறையினுள், மறைத்து வைக்கப்பட்ட கோப்புறைகளையும் காட்டும்படி செய்து, டாம்பாய் என்னும் பெயருள்ளதைத் தேடிப் பார்க்கவேண்டும். அதனுள்ளே நோட் என்னும் ஈற்றுப் பெயருடன் கோப்புகள் இருந்தால் அவை அவர்களுடைய குறிப்புகளே. க்னோட்டோ டாம்பாய்-என்ஜியோ நிறுவி, அக்கோப்புகளின் பிரதியை அதற்குரிய கோப்புறையில் போட்டுத் திறக்கலாம். மூலக் கோப்புகளை அழிக்காமல் தனியே பத்திரப்படுத்திக்கொண்டு இதைச் செய்வது நலம்.